ஏழாம் பாடத்தில் வராத சிவப்பு

வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் பாடம் என்கிறவளிடம் அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் கூரியர்காரர் மணியடித்தாலும் சரி, அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடினாலும் சரி, அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பாடம் இரண்டு கன்னமும் உப்ப, மடியில் ஒரு குறிப்பேட்டுடன், எதிரே கணினியில் திணறிக்கொண்டிருப்பவரின் பிடரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பாடம் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. வைத்த பெயரை வாக்காளர் அட்டையில் மட்டும் பார்க்கலாம். பகலில் அவள் கண்ணாடி வில்லை தயாரிக்கும் ஆலை ஒன்றில் நூற்றுப்பத்துப் பேருக்கு ஷிப்ட் பட்டியல் போடுகிறவள். மாலையில் 'சுழல்' என்ற மென்பொருள் நூலகத்துக்குப் பாடம் எழுதுகிறவள். இந்த நூலகத்தில் புத்தகம் கிடையாது, அமைதி காக்கவும் என்ற பலகை கிடையாது. ஷிப்ட் பட்டியல் போடத் தேவையான நிரல்களை எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். வேண்டியவர் எடுத்துத் தன் கணினியில் போட்டுக்கொள்ளலாம். யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம், யாரும் திட்டலாம். மூன்றாவது உரிமையைத்தான் மக்கள் அதிகம் பயன்படுத்தினார்கள்.

சுழலுக்குப் பன்னிரண்டு பாடங்கள். பன்னிரண்டிலும் ஒரே கலங்கரை விளக்கம், அதே நான்கு காவலர்கள்: அ, ஆ, இ, ஈ. முதல் பாடத்தில் அவர்களை வேலைக்குச் சேர்ப்பது, இரண்டாம் பாடத்தில் ஷிப்ட் பிரிப்பது என்று போகும். ஈ எட்டு வருடமாக இரவு ஷிப்டிலேயே இருந்தான். அவனுக்காகப் பரிந்து இதுவரை பதினேழு பேர் கடிதம் எழுதியிருந்தார்கள். ஒருவர் தொழிலாளர் சட்டத்தின் நகலையே இணைத்திருந்தார்.

பாடம் எழுதுவது பெரிய விஷயமில்லை. எழுதியதைச் சாகவிடாமல் வைத்திருப்பதுதான் வேலை. நிரல் எழுதுகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுவார்கள். நேற்றுவரை 'ஆள்சேர்' என்று இருந்த கட்டளை இன்று 'நபர்_இணை' ஆகியிருக்கும். ஏன் என்று கேட்டால் அழகாக இருக்கிறது என்பார்கள். அந்த அழகுக்காகப் பாடம் பன்னிரண்டு பாடங்களிலும் நாற்பத்தோரு இடத்தில் மாற்றுவாள்.

தண்ணீர் விஷயத்தைத் தொடங்கி வைத்தது அண்ணன்தான். அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எட்டு வருடம் முன்பு முதல் பாடத்தை அவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, "அங்க இல்லண்ணா, இங்க, இங்க, அதுக்கு மேல, ஐயோ அதுக்கு மேல" என்று பத்து நிமிடம் பக்கத்திலேயே நின்றாள். அண்ணன் முடித்துவிட்டார். பாடம் பிரமாதம் என்று அவளே மெச்சிக்கொண்டாள்.

"பிரமாதம்தான்," என்றார் அண்ணன். "ஆனா ஒரு சந்தேகம். இதை இறக்கிப் படிக்கிறவங்க ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நீயும் கூடவே போவியா?"

மறுநாளிலிருந்து தண்ணீர். சுழலை முன்பின் தெரியாத ஒருவரை உட்கார வைப்பாள். ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வாங்கிக்கொள்வாள். பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, தலையாட்டக் கூடாது. பொறுக்க முடியாமல் பேசித்தான் ஆக வேண்டுமென்றால் விழுங்கிவிட்டுப் பேசலாம். ஆனால் எந்த வரியில் விழுங்கினாள் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். அவளை ஒரு மிடறுகூட விழுங்க வைக்காமல் மூன்று பேர் முடித்தால் அந்தப் பாடம் தேறியது. அந்தக் குறிப்பேட்டில் 'நாலாம் பாடம், தபால்காரர், ஒன்பதாம் வரி, இரண்டு மிடறு' என்பது போன்ற பதிவுகள் இருந்தன. வெளியாள் யாராவது எடுத்துப் படித்தால் சித்த வைத்தியம் என்று நினைத்திருப்பார்.

இப்படி எட்டு வருடம் ஓடியது. பதினாறாம் பதிப்பு வெளியாக வேண்டிய வாரத்தில் வியாழக்கிழமை கோடாலி ஒரு தீர்மானம் போட்டான்.

கோடாலிதான் சுழலைத் தொடங்கியவன், தலைமை நிரலாளன். இருபது வயதில் தொடங்கினான், இப்போது இருபத்தெட்டு. இன்னொரு ஊரில் இருக்கிறான். ஒவ்வொரு பதிப்பிலும் பழைய வசதிகளை வெட்டித் தள்ளுவதால் குழுவில் அந்தப் பெயர். கெட்டிக்காரன், பொறுமை மட்டும் அவன் பக்கம் எட்டிப்பார்த்ததில்லை. அவன் அனுப்பிய தீர்மானம் நான்கே வரி. பாடங்களில் உள்ள நிரல்வரிகளை எல்லாம் சோதனை இயந்திரம் தானாகவே ஓட்டிப் பார்க்கிறது. பன்னிரண்டும் பச்சை காட்டிவிட்டன. ஆகவே தண்ணீர்ச் சோதனைக்காக வெளியீடு இனிமேல் காத்திருக்கக் கூடாது. பாடங்களைச் சுழலின் இணையதள முகப்பிலிருந்து எடுத்துத் தனிப் பக்கத்தில் வைத்துவிட்டால் அவை தம் வேகத்தில் மெதுவாகப் புதுப்பிக்கப்படலாம். சனிக்கிழமை பத்து மணிக்கு வாக்கெடுப்பு.

தனிப் பக்கம் என்றால் என்ன என்று பாடத்துக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு, சுழலுக்கென்று இருந்த படக்கையேட்டை அப்படித்தான் தனிப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். முதல் வருடம் ஒரு பதிப்பு பின்தங்கியது. இரண்டாம் வருடம் 'இது பழையது' என்று மேலே ஒரு பட்டை ஒட்டினார்கள். மூன்றாம் வருடம், பழையதை எதற்கு வைத்திருக்கிறோம் என்று ஒருவர் மிக நியாயமாகக் கேட்டார். இப்போது அந்த இடத்தில் 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற செய்தி மட்டும் நன்றாகப் பராமரிக்கப்படுகிறது.

அவள் பதறவில்லை. தொலைபேசியில் கோடாலியைக் கூப்பிட்டாள்.

"தம்பி, உன் இயந்திரம் நிரலை ஓட்டும். சுத்தி எழுதியிருக்கிற வாக்கியத்தைப் படிக்குமா?"

"வாக்கியத்துல என்னக்கா இருக்கு? நிரல் ஓடினா பாடம் ஓடின மாதிரிதானே."

"மருந்து புட்டியில மருந்து சரியா இருக்கு. மேல ஒட்டின சீட்டுல வேளைக்கு எத்தனைன்னு தப்பா இருந்தா?"

"ஐயோ, உடனே உதாரணத்துக்கு இறங்கிட்டீங்க. மாற்றங்கள் நாற்பத்தி மூணோட பட்டியலும் உங்ககிட்ட இருக்குல்ல? அத்தனையும் பாடத்துல ஏத்திட்டீங்கல்ல?"

"ஏத்திட்டேன்."

"அப்புறம் எதுக்குக்கா தண்ணி?"

"நாளைக்கு எங்க அண்ணி உட்கார்றாங்க. சனிக்கிழமை சொல்றேன் எதுக்குன்னு."

அண்ணி மருத்துவமனை வார்டு ஒன்றின் மூத்த செவிலி. இருபத்திரண்டு வருட அனுபவம். கணினியைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர் அல்ல. கணினிதான் அவரைக் கண்டால் கொஞ்சம் தயங்கும். வார்டில் பதினான்கு செவிலியருக்கும் ஷிப்ட் பட்டியல் போடுவது அந்த மாதத்திலிருந்து அவர் தலையில் விழுந்திருந்தது. "உன் சுழலோ சூறாவளியோ, அதைச் சொல்லிக் குடு" என்று அவரே கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுப்பு. பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வார்டின் பெயர்ப்பட்டியல், நான்காக மடித்த தாள். பின்னால் பாடம், கையில் தம்ளர்.

"இதப் பாருங்க அண்ணி. பாடத்துல என்ன எழுதியிருக்கோ அதை மட்டும் செய்யணும். என்னை எதுவும் கேட்கக் கூடாது."

"கேட்டா மட்டும் சொல்லிடுவியாக்கும். தண்ணியக் குடி, நாத்தனாரே."

முதல் ஆறு பாடங்களும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தன. பாடம் ஒரு மிடறுகூட விழுங்கவில்லை. மருத்துவர் எழுதியதை எழுதியபடி செய்து இருபத்திரண்டு வருடம் பழகியவர் அண்ணி. அரைப்புள்ளியைக்கூட விடாமல் விரல் வைத்துப் படித்தார். ஈ மறுபடியும் இரவு ஷிப்டில் விழுந்தபோது மட்டும், "இந்தப் பையனுக்கு வீடு வாசல் கிடையாதா?" என்றார்.

ஏழாம் பாடம், இரண்டு ஷிப்டுக்கு நடுவே ஓய்வு விடுவது பற்றி. அண்ணி கட்டளையை அடித்தார், ஓட்டினார். பட்டியல் வந்தது. அடுத்த வரியை உரக்கப் படித்தார்.

"'இப்போது சிவப்பு நிறத்தில் ஓர் எச்சரிக்கை வரும். பயப்படாதீர்கள். அது வந்தால் நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று பொருள். பொருட்படுத்தாமல் மேலே செல்லுங்கள்.'"

திரையைப் பார்த்தார். சிவப்பு இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் இல்லை.

"வரலியே," என்றார்.

பாடம் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். வர வேண்டும். ஐந்து வருடமாக அந்த இடத்தில் வந்துகொண்டிருந்த சிவப்பு அது. ஆனால் தண்ணீர் தண்ணீர்தான். குறிப்பேட்டில் வரி எண்ணை மட்டும் எழுதினாள்.

அண்ணி மறுபடியும் முதலிலிருந்து அடித்தார். சிவப்பு இல்லை. மூன்றாம் முறை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். இல்லை. கணினியை அணைத்துப் போட்டார். கலங்கரை விளக்கத்தை நம்பாமல் தன் வார்டுப் பட்டியலையே ஏற்றிப் பார்த்தார். பதினான்கு பேருக்கும் ஓய்வோடு, தப்பே இல்லாத ஒரு பட்டியல் வந்தது. அண்ணி அதை வெறுப்போடு பார்த்தார்.

"நான் எங்கியோ தப்பு பண்றேன்," என்றார்.

அண்ணன் டீயுடன் எட்டிப்பார்த்தார். "நல்லாத்தானே வந்திருக்கு?"

"நல்லா வந்தா தப்புன்னு போட்டிருக்கு. சிவப்பு வந்தாத்தான் சரியாம். நீங்க உங்க லிஃப்டப் பாருங்க."

அடுத்த கால் மணி நேரம் அண்ணி சிவப்பைத் தேடினார். ஷிப்ட் நேரத்தை மாற்றிப் பார்த்தார். ஆட்களைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார். கடைசியில் பட்டியலில் நாலாம் நபரைப் புதன் காலை ஷிப்டில் போட்டு, புதன் மாலையிலும் போட்டு, புதன் இரவிலும் போட்டு, அதோடு விடாமல் வியாழன் காலையிலும் போட்டு ஓட்டினார்.

திரையில் ஒரு வரி செக்கச்செவேலென்று வந்து நின்றது: 'எச்சரிக்கை. நாலாம் நபருக்கு ஓய்வே இல்லை.'

"அப்பாடா!" என்றார் அண்ணி. "வந்துருச்சு. 'பொருட்படுத்தாமல் மேலே செல்லுங்கள்'." மேலே சென்றார். அச்சுப்பொறி இரைந்து தாளைத் துப்பியது. அண்ணி அதை எடுத்து உதறி, பெருமையோடு நாத்தனார் முகத்துக்கு நேரே நீட்டினார். "ஒட்டிடலாமா?"

அந்த நேரத்தில் பாடத்தால் விழுங்க முடியவில்லை. தண்ணீர் வேறு வழியில் வெளியேறியது. பாதி தாள்மேல் விழுந்தது, மீதி அண்ணன் டீயில்.

"என்னடி இது, ஆஸ்பத்திரியிலகூட வாளி வெச்சுட்டுத்தான் துப்புவாங்க!" என்றார் அண்ணி.

"அண்ணி," என்றாள் பாடம், மேல்மூச்சு வாங்க. "நாலாம் நபர் புதன் காலை ஏழுல இருந்து வியாழன் மதியம் ஒண்ணு வரைக்கும் முப்பது மணி நேரம் தொடர்ந்து வேலை பார்க்கிறாங்க. யாரு அது?"

அண்ணி பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. விரல் நின்றது.

"நான்தான்," என்றார்.

அண்ணன் டீயை வைத்துவிட்டு, "நீயே உனக்குப் போட்டுக்கிட்டியா?" என்று சிரிக்க ஆரம்பித்தார். பார்வை ஒன்று வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

பாடம் சிரிக்கவில்லை. அந்த வரியை எழுதியவள் அவள்தான். ஐந்து வருடம் முன்பு, ஓய்வு நேரத்தைச் சரியாகக் கொடுத்தாலும் சுழல் அந்த இடத்தில் காரணமில்லாமல் சிவப்பாகப் புலம்பும். நிரலில் இருந்த ஒரு சின்னப் பிழை. திருத்தச் சொன்னாள். "அது ஒண்ணும் பண்ணாதுக்கா. பயப்படாதீங்கன்னு பாடத்துல ஒரு வரி போட்டுடுங்க" என்றான் கோடாலி. போட்டாள். ஆறுதலாக, அன்பாக, நன்றாகவே போட்டாள். இப்போது யாரோ ஓசைப்படாமல் அந்தப் பிழையைத் திருத்தியிருக்கிறார்கள். நாற்பத்து மூன்று மாற்றங்களின் பட்டியலில் அது இல்லை. பிழை போய்விட்டது, பாடத்தில் அதற்கு வைத்த வரவேற்புப் பலகை மட்டும் அங்கேயே நிற்கிறது. அதைவிட மோசம், ஐந்து வருடமாக அந்த வரி ஊரெல்லாம் உள்ளவர்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்து வந்திருக்கிறது: சிவப்பு வந்தால் கண்டுகொள்ளாதே.

"அந்த வரியை எடுத்துடு, ரெண்டு நிமிஷ வேலை," என்றார் அண்ணி, மேசையைத் துடைத்தபடி. "நாளைக்கு உன் கூட்டம் இல்ல? சுத்தமா வெச்சுட்டுப் போ."

"எடுத்துடுவேன். ஆனா இன்னைக்கு இல்ல."

"ஏன்?"

"இன்னைக்கு எடுத்துட்டா நாளைக்கு எல்லாம் சுத்தமா இருக்கும். தண்ணி எதுக்குன்னு கேட்பாங்க. கதை சொல்லணும். நான் கதை சொன்னா, அக்கா நல்லாக் கதை சொல்றாங்கன்னு கை தட்டிட்டு எதிரா ஓட்டுப் போடுவாங்க." தாளில் இருந்த ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள். "புதுப் பதிப்பு இன்னும் வெளியே போகலே. ஒரு ராத்திரி இருந்தா யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது."

அண்ணி அவளை ஒரு நிமிடம் நோட்டம் விட்டார். "யாரையோ ஊசி போட உட்கார வெக்கப் போற. மூஞ்சியே சொல்லுது."

சனிக்கிழமை பத்து மணிக்குத் திரையில் ஏழு சதுரங்கள் திறந்தன. ஏழு பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு. நடுச் சதுரத்தில் நடுவர். ரயில்வேயில் கால அட்டவணை போட்டு ஓய்வு பெற்றவர், கூட்டத்தை நடத்துகிறவர். எந்த விஷயத்துக்கும் இரண்டு பக்கம் இருப்பதாக நம்புகிறவர், இரண்டையும் சொல்லி முடிக்காமல் விடாதவர். கோடாலியின் சதுரத்தில் அவன் தலைக்குப் பின்னால் துணி உலர்த்தும் கம்பியில் ஒற்றைக் காலுறை தொங்கிக்கொண்டிருந்தது.

கோடாலி தன் தீர்மானத்தைச் சொன்னான். பச்சைக் குறிகள் பன்னிரண்டையும் காட்டினான். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை.

"ஒரு பக்கம் பார்த்தா தம்பி சொல்றது நியாயம்தான்," என்றார் நடுவர். "இன்னொரு பக்கம் பார்த்தா..."

"இன்னொரு பக்கத்தை நான் சொல்றேன் சார்," என்றாள் பாடம். "வாக்கெடுப்புக்கு முன்னாடி தம்பி ஏழாம் பாடத்தை ஒரு தடவை நம்ம முன்னாடி செஞ்சு காட்டட்டும். முடிச்சிட்டா என் ஓட்டும் அவருக்கே. பாடங்களை நானே என் கையால தனிப் பக்கத்துக்கு நகர்த்திடறேன்."

கோடாலி வாய்விட்டுச் சிரித்தான். "அக்கா, நான் எழுதின நிரலுக்கு நானே பாடம் படிக்கணுமா?"

"பத்து நிமிஷம்தான்."

"அஞ்சே நிமிஷம். பார்த்துட்டே இருங்க."

"ஒரே ஒரு நிபந்தனை. பாடத்துல என்ன எழுதியிருக்கோ அதுபடி போகணும். தாண்டிக் குதிக்கக் கூடாது."

"குதிக்கலே, குதிக்கலே."

பாடம் தம்ளரை எடுத்து ஒரு மடக்கு வாங்கிக்கொண்டாள். மேசைக்கு அடியில், திரையில் படாத இடத்தில், அண்ணி ஒரு வாளியைக் காலால் நகர்த்தி வைத்தார்.

கோடாலி தன் திரையைப் பகிர்ந்தான். செய்தி வாசிப்பவர் போல ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டே விறுவிறுவென்று அடித்தான். இரண்டே நிமிடத்தில் அந்த இடத்துக்கு வந்துவிட்டான். "'இப்போது சிவப்பு நிறத்தில் ஓர் எச்சரிக்கை வரும். பயப்படாதீர்கள்.' பயப்படலேக்கா." ஓட்டினான்.

பட்டியல் வந்தது. அவன் மேலே கீழே நகர்த்திப் பார்த்தான்.

"ம்?" என்றான்.

மறுபடியும் ஓட்டினான். சிரிப்பு ஒரு சுற்றுக் குறைந்தது. "அக்கா, இங்க சிவப்பு வரணும்ல?"

பாடம் அவனைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள்.

"அக்கா? மியூட்ல இருக்கீங்க."

"அம்மா, மியூட்ல இருக்கீங்க," என்றார் நடுவரும்.

"கன்னம் வீங்கின மாதிரி இருக்கே, பல்வலியோ?" என்று இன்னொரு சதுரம் விசாரித்தது.

கோடாலிக்கு யாருடைய பல்லைப் பற்றியும் அப்போது அக்கறை இல்லை. வெளியீட்டுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது, தன் நிரலில் வர வேண்டியது வரவில்லை. "இருங்க, இருங்க, இது பெரிய தப்பு. நல்லவேளை இப்பவே பார்த்தோம்," என்று முணுமுணுத்துக்கொண்டு நிரலுக்குள் இறங்கிவிட்டான். ஒரு கோப்பைத் திறந்தான், மூடினான், ஐந்து கோப்புகளைத் திறந்தான். தலையைச் சொறிந்தான். கம்பியிலிருந்து காலுறை நழுவி அவன் தோளில் விழுந்தது, அவன் கவனிக்கவில்லை. நடுவர் ஒரு பக்கமாகத் தண்ணீர் குடிக்கப் போய், மறுபக்கமாகத் திரும்பி வந்தார். பாடத்துக்குத் தாடை வலித்தது. எட்டு வருடத்தில் இவ்வளவு நேரம் ஒரே மடக்கைப் பிடித்ததில்லை.

இருபத்திரண்டாவது நிமிடம் கோடாலி துள்ளினான்.

"பிடிச்சிட்டேன்! அந்த எச்சரிக்கை வரியை யாரோ தூக்கிட்டாங்க. எந்தப் புண்ணியவான்னு தெரியலே. ரெண்டு நிமிஷம் குடுங்க, திரும்பப் போட்டுடறேன்."

சொல்லும்போதே கை ஓடியது. ஓட்டினான். ஓய்வு நேரத்தைச் சரியாகக் கொடுத்த நல்ல பட்டியலின் தலையில், ஐந்து வருடப் பழைய அந்த வெற்றுப் புலம்பல் சிவப்பாக வந்து உட்கார்ந்தது.

"வந்துருச்சு பாருங்க!" என்றான் கோடாலி. "இப்பதான் சரி."

"நல்லது," என்றார் நடுவர். "ஆனா தூக்கினது யாருன்னு பதிவேடு சொல்லுமே தம்பி?"

"சொல்லாம எங்க போகும். இருங்க, யாருன்னு பார்த்து நாலு வார்த்தை கேட்டுட்டு..." அவன் பேச்சு நின்றது. முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனான்.

"யாரு?"

"நான்தான் சார்."

கோடாலி தேதியைத் தேடிப் படித்தான்.

"ஒரு ஞாயித்துக்கிழமை. பல்லு வலின்னு வெளியே எங்கயும் போகாம, பழைய பிழைங்க பதினொண்ணை ஒரே மூச்சுல திருத்தினேன். இது அதுல ஒண்ணு. இது பிழைதான். அஞ்சு வருஷமா அக்கா சொல்லிட்டிருந்த பிழை."

"பட்டியல்ல என்னன்னு குறிச்சிருக்கீங்க?"

கோடாலி தோளில் கிடந்த காலுறையை எடுத்துப் பார்த்தான். "அடியில, எண் போடாம, 'சில்லறை வேலைகள்'னு."

பாடம் விழுங்கினாள். அந்தச் சத்தம் ஒலிவாங்கியில் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது.

"ஏழாம் பாடம், பதினாலாம் வரி, ஒரு மிடறு," என்று குறிப்பேட்டில் எழுதியபடியே சொன்னாள். பிறகு அண்ணியின் தாளை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தாள். உலர்ந்து சுருங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. "நேத்து எங்க அண்ணி இதே இடத்துல நின்னாங்க. அவங்களுக்கு நிரல் தெரியாது, அதனால நிரலைத் திருத்தலே. சிவப்பு வர்ற வரைக்கும் பட்டியலைக் கெடுத்தாங்க. நாலாம் நபர் முப்பது மணி நேரம். நிஜமான எச்சரிக்கை வந்தது. பொருட்படுத்தாம மேலே போனாங்க, ஏன்னா பாடம் அப்படிச் சொல்லுது. தம்பியோட இயந்திரம் அப்பவும் பச்சை."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "நாலாம் நபர் நான்தாங்க. நல்லா இருக்கேன்."

"அந்த வரி என்னுது," என்றாள் பாடம். "நான் எழுதினது, பெயர் போட்டே இருக்கு. நிரல் இப்பத்தான் சரியாச்சு. பழசாப் போனது என் பாடம். பட்டியலைப் பார்த்தே எல்லாத்தையும் மாத்திட்டேன்னு நானும் நினைச்சேன். தண்ணி இல்லாம எனக்கும் தெரிஞ்சிருக்காது."

கோடாலி சற்றுமுன் போட்ட வரியை மறுபடியும் அழித்தான்.

"நான் திருத்தின பிழையை நானே திரும்ப உள்ள வெச்சேன்கா," என்றான். "எல்லாரும் பார்த்துட்டிருக்கும்போதே."

"பாடத்தை நம்பின."

"அதான். நானே நம்பிட்டேனே. மத்தவங்க என்ன பண்ணுவாங்க?"

"ஒரு பக்கம் பார்த்தா," என்று தொடங்கிய நடுவர், சரித்திரத்தில் முதல்முறையாக, "விடுங்க, ஒரே பக்கம்தான் இருக்கு," என்றார். "தீர்மானத்தை என்ன பண்றது தம்பி?"

"திரும்ப வாங்கிக்கறேன் சார். வேற ஒண்ணு எழுதணும்." அங்கேயே எழுதினான், இந்தத் தடவையும் நான்கே வரி. பாடங்கள் முகப்பிலேயே இருக்கும். எந்தப் பதிப்பும் தண்ணீர்ச் சோதனை முடியாமல் வெளியே போகாது. இயந்திரத்தின் பச்சை நிரலுக்கு மட்டும்தான் சாட்சி. 'சில்லறை வேலைகள்' என்று பட்டியலில் எழுதுகிறவர் அடுத்த சோதனைக்கு உட்கார வேண்டும்.

ஏழு கைகள் எழுந்தன. கோடாலியின் கையில் இன்னும் காலுறை இருந்தது.

"ஒரு சந்தேகம்கா," என்றான் கூட்டம் கலையும்போது. "ஒரு மடக்குன்னா எவ்வளவு? அளவு எழுதி வெக்கணும்ல? வேற யாராவது செஞ்சா?"

"ரெண்டு கன்னமும் நிறையணும். சிரிச்சா சிந்தணும்."

அப்படியே விதியில் ஏறியது.

அன்று மதியமே பாடம் ஏழாம் பாடத்தைத் திறந்தாள். பழைய நான்கு வாக்கியங்களையும் எடுத்தாள். அந்த இடத்தில் வேறு எழுதினாள்: 'இங்கே எதுவும் சிவப்பில் வரக் கூடாது. வந்தால் நில்லுங்கள், படியுங்கள். யாரோ ஒருவருக்கு ஓய்வு இல்லை என்று அது சொல்கிறது.' அதன் கீழே, வேண்டுமென்றே ஒரு கெட்ட பட்டியலைக் கொடுத்து உண்மையான சிவப்பை வரவழைத்துப் பார்க்கும் பயிற்சி ஒன்றையும் சேர்த்தாள். அண்ணி கண்டுபிடித்த முப்பது மணி நேரக் கணக்குதான் அது. ஞாயிற்றுக்கிழமை, முதல் பாடத்தையே தாண்டாத அண்ணன், திங்கட்கிழமை அண்ணியின் வார்டிலிருந்து இரண்டு செவிலியர் உட்கார்ந்தார்கள். மூன்று பேர், பூஜ்ஜியம் மிடறு. அண்ணியின் பட்டியல் வார்டுச் சுவரில் ஏறியது; நாலாம் நபருக்கு வாரம் ஒரு நாள் விடுப்போடு.

பதினாறாம் பதிப்பு மூன்று நாள் தள்ளிச் செவ்வாய்க்கிழமை வெளியானது. மாற்றங்களின் பட்டியல் இப்போது ஐம்பத்தைந்து வரி. சில்லறை வேலைகள் பதினொன்றும் தனித்தனியாக, தலையும் வாலுமாக எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியை மட்டும் யார் சேர்த்தது என்று குழுவில் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவேடு கோடாலியின் பெயரைச் சொல்கிறது. சேர்க்கச் சொல்லிக் கேட்டது அண்ணி.

'பன்னிரண்டு பாடங்களிலும்: ஈ பகல் ஷிப்டுக்கு மாற்றப்பட்டான்.'